பாலிசியைப் படிக்கக் கொடுங்கள்: டெக்சாஸ் தமிழ் ஏஜென்சி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சாஸில் இன்சூரன்ஸ் ஏஜென்சி நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். பியர்லேண்ட் மீனாட்சி கோயில் வாசலிலும், பொங்கல் விழாவில் நீங்கள் போடும் ஸ்டாலிலும் நின்று பேசியிருக்கிறோம். நம் ஊர்ப் பெண்கள் வேலை தேடி வரும்போது கதவைத் திறந்துவிடுபவர்கள் நீங்கள். கணவரின் விசாவில் வந்து, பல வருடம் வீட்டில் இருந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகும் ஊரில் படித்த படிப்புக்கு இங்கே மதிப்பில்லாமல் நிற்கிறவர்களிடம் ‘லைசென்ஸ் எடும்மா, நான் வேலை தர்றேன்’ என்று சொல்வது சின்ன உதவி இல்லை. எனக்கும் ஒருவர் அப்படித்தான் கதவைத் திறந்தார். அந்த நன்றி மனதில் இருக்கிறது.

ஆனால் அந்த லைசென்ஸுக்கு நீங்கள் அவர்களைத் தயார் செய்கிற விதம் சரியில்லை. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சில வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வீடு, கார், கடை இன்சூரன்ஸ் விற்க எழுத வேண்டிய பிராப்பர்ட்டி அண்ட் கேஷுவாலிட்டி தேர்வுக்குப் படிப்பவர்களோடு உட்காருகிறேன். காசு வாங்குவதில்லை. வருகிறவர்களின் பையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒரு காகிதக் கட்டு இருக்கும். ஐந்நூறு கேள்விகள்; சரியான விடைக்கு மேல் மஞ்சள் பூசியிருக்கும். வாட்சப்பில் வந்ததை யாரோ அச்சடித்து, அதை இன்னொருவர் நகல் எடுத்து, அந்த நகலுக்கும் ஒரு நகல். சில பக்கங்களில் கடைசி வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். ‘சார் குடுத்தார். ரெண்டு வாரத்துல இதை மனப்பாடம் பண்ணிட்டுப் போய் எழுதிடு, பாஸாயிடும்னார்’ என்பார்கள்.

அண்மையில் வந்த ஒரு தங்கை, கோயம்புத்தூரில் கணக்கு டீச்சராக இருந்தவர். கட்டை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, ‘வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி ஒன்றை முழுசாகப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டேன். இல்லை என்றார். சொந்த வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. அந்த வீட்டுப் பாலிசியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை; மெயிலில் எங்கோ இருக்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் படி என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் தேர்வு. அதற்கு அடுத்த வாரம் அவர் போனை எடுத்து மற்றவர்களுக்குப் பாலிசியை விளக்கப் போகிறார்.

இந்த நாட்டில் இன்சூரன்ஸைக் கட்டுப்படுத்துவது அந்தந்த மாநிலம். 1945இல் வந்த மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் அந்தப் பொறுப்பை மாநிலங்களின் கையிலேயே விட்டுவிட்டது. அதனால் ஒரே வேலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் வாசல் வேறு. நியூயார்க்கில் இந்தத் தேர்வை எழுதுவதற்கு முன் 90 மணி நேர வகுப்பு முடிக்க வேண்டும். ஃபுளோரிடாவில் இதே வேலைக்கான 2-20 என்ற லைசென்ஸுக்கு வகுப்பு வழியாக வருபவர் 200 மணி நேரம் உட்கார வேண்டும். டெக்சாஸில் ஒரு மணி நேரம்கூடக் கட்டாயம் இல்லை. பதிவு செய்து, தேர்வில் 70 எடுத்து, கைரேகை கொடுத்து, விண்ணப்பித்தால் போதும்.

இதில் எனக்கு வருத்தம் இல்லை. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண் 200 மணி நேரத்துக்கு எங்கே போவாள்? டெக்சாஸ் வாசல் அகலமாக இருப்பதால்தான் நம்மில் பலர் உள்ளே வர முடிந்தது. ஆனால் அரசு கேட்காமல் விட்ட அந்த மணி நேரங்கள் எங்கும் மறைந்துவிடவில்லை. அவை உங்கள் தோளில் ஏறியிருக்கின்றன. இங்கே புதிதாக வருகிறவருக்கு ஆசிரியர் என்று ஒருவர் இருந்தால், அது அவரை வேலைக்கு எடுக்கும் நீங்கள்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது.

2016இல் நான் தேர்வு எழுதினேன். எனக்கும் ஒரு கட்டு கொடுத்தார்கள். எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். பத்தாம் வகுப்பிலிருந்து நம்மை அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள். திரையில் கேள்வியின் முதல் பாதியைப் படித்ததுமே கண் விடைக்குப் போய்விட்டது. முதல் தடவையிலேயே பாஸ். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த அடுத்த திங்கட்கிழமை என்னைப் போனில் உட்கார வைத்தார்கள்.

2017 ஜூன் மாதம். ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கேட்டி ஊரில், பார்க்கர் நீர்த்தேக்கத்தின் பக்கம் வீடு வாங்கியிருந்த ஒரு குடும்பத்தின் பாலிசி என் பொறுப்பில் இருந்தது. நான் கூப்பிட்ட நேரத்தில் மகன் வேலைக்குப் போயிருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா போனை எடுத்தார். தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். நான் சொன்ன விவரங்களையெல்லாம் மகனுக்காக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். வைக்கப் போகும்போது கேட்டார்: ‘ஏம்மா, இங்க நான் வாக்கிங் போற பெரிய பார்க்குல, ஒரு பக்கம் ஏரிக்கரை மாதிரி ஒசரமா மண்ணு போட்டிருக்காங்களே. தண்ணி வந்து நின்னுச்சுன்னா இந்த இன்சூரன்ஸ்ல உண்டா?’

அந்தப் பக்கத்தில் வருடக்கணக்காகக் குடியிருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அது நீர்த்தேக்கம் என்றே தெரியாது. காய்ந்து கிடக்கும் பூங்கா, சைக்கிள் பாதை, பந்து விளையாடும் மைதானம், அவ்வளவுதான். வந்து மூன்று வாரமே ஆன ஒரு விவசாயியின் கண்ணுக்கு அந்தக் கரை தெரிந்திருக்கிறது.

நான் சொன்னேன்: ‘உண்டுங்க ஐயா. வாட்டர் டேமேஜ் கவர் ஆகும்.’

எனக்குக் கொடுத்த கட்டில் ஒரு கேள்வி இருந்தது. சொந்த வீட்டுக்கு வழக்கமாக எடுக்கும் எச்.ஓ.-3 பாலிசி கீழ்க்கண்டவற்றில் எதற்கு இழப்பீடு தரும் என்பது கேள்வி. குழாயிலிருந்து திடீரென்று, எதிர்பாராமல் வெளியேறும் தண்ணீரால் வரும் சேதம் என்பது விடை. எனக்குள் ‘தண்ணீர்’ என்ற சொல்லும் அதன் மேல் இருந்த மஞ்சளும்தான் தங்கியிருந்தன. வெள்ளம், தரையில் ஓடி வரும் நீர், நீர்நிலை நிரம்பி வழிவது எல்லாவற்றையும் அதே படிவம் விலக்குகள் பகுதியில் வரிசையாக எழுதி ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி புயல் ராக்போர்ட் அருகே கரையைக் கடந்தது. அப்புறம் நகர மாட்டேன் என்று நின்று, நாள் கணக்கில் ஹூஸ்டன் மேல் கொட்டித் தீர்த்தது. ஹூஸ்டன் நகரத்தை வெள்ளத்திலிருந்து காப்பாற்ற 1940களில் கட்டி முடித்த பார்க்கர், ஆடிக்ஸ் நீர்த்தேக்கங்கள் நிரம்பி, அரசு நிலத்தையும் தாண்டி, கரைக்கு உள்பக்கம் இருந்த குடியிருப்புகளுக்குள் தண்ணீர் ஏறியது. அந்த வீட்டில் முழங்காலுக்கு மேல் நின்றது. அங்கே பல வீடுகள், வெள்ள அபாயம் அதிகம் என்று வரைபடத்தில் குறித்த பகுதிக்கு வெளியே இருந்தன. அதனால் வீட்டுக் கடன் கொடுத்தவர்களும் வெள்ள இன்சூரன்ஸ் வேண்டும் என்று கேட்கவில்லை. கடன் கொடுத்தவர் கேட்காத இடத்தில், அதைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் ஏஜென்ட். அந்த வீட்டுக்கு ஏஜென்ட் நான்.

1968இலிருந்து நடக்கும் தேசிய வெள்ள இன்சூரன்ஸ் திட்டத்தில் வீட்டுக்கு 250,000 டாலர் வரை, உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 100,000 டாலர் வரை எடுக்கலாம். எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும். அவர் என்னிடம் கேட்டது ஜூனில். அன்று நான் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் முப்பது நாள் ஜூலையிலேயே முடிந்திருக்கும். அபாயம் குறைவு என்று குறித்த பகுதிகளில் அப்போது பிரீமியம் வருடத்துக்குச் சில நூறு டாலர்தான்.

தண்ணீர் வடிந்த பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். சுவரில் இடுப்புயரம் வரை ஷீட்ராக் பலகையை வெட்டி எடுத்து, நனைந்த சோபாவோடும் கார்ப்பெட்டோடும் தெருவோரம் குவித்திருந்தார்கள். அந்த ஐயா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ‘நீ வேணும்னா சொன்னே? தெரியாமத்தானே சொன்னே’ என்றார். ஜூன் மாதம் நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிய தாளை மகன் எடுத்து வந்து காட்டினார். ‘தண்ணி - உண்டு’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அரசின் பேரிடர்க் கடன் வாங்கித்தான் அவர்கள் வீட்டைச் சரி செய்தார்கள்.

அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். ‘நீ எழுத்துல ஒண்ணும் குடுக்கலையே, விடு’ என்றார்கள். நான் அன்று இரவு எச்.ஓ.-3 படிவத்தை அச்சடித்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மூன்று இரவு ஆயிற்று. அந்தத் தேர்வுக்கு நான் உண்மையில் படித்தது பாஸாகி ஒரு வருடம் கழித்துத்தான்.

சரி. இந்தத் தேர்வையே பலர் திட்டுவார்கள். பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றுகிறது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிவத்தைப் படித்துவிட்டுக் கேள்வியைப் பாருங்கள், கேட்பதெல்லாம் நம் வீட்டு விஷயமாக இருக்கும். அதிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல, புதியவர்களுக்கு இது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பெயரிலேயே நம்மவர்களுக்கு ஒரு இடறல். கேஷுவாலிட்டி என்றால் நமக்கு ஆஸ்பத்திரியில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் வார்டு. அதனால் பலர் அடிபட்ட நமக்குப் பணம் தருவதுதான் கேஷுவாலிட்டி இன்சூரன்ஸ் என்றே படிக்கிறார்கள். நம்மால் இன்னொருவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு நாம் சட்டப்படி பொறுப்பாகும்போது வந்து நிற்பதுதான் அதில் பெரும்பகுதி என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால், பாதிப் புத்தகம் தானாகத் தெளிவாகிவிடும். யாரும் சொல்வதில்லை.

பெரில், ஹசார்ட் என்ற இரண்டையும் நாம் ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். தீ பெரில். அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் எண்ணெய்த் துணி ஹசார்ட். காப்பீட்டுப் பணத்துக்காகத் தானே கொளுத்துபவரிடம் இருப்பது மாரல் ஹசார்ட்; ‘இன்சூரன்ஸ்தான் இருக்கே’ என்று காரைப் பூட்டாமல் போகிறவரிடம் இருப்பது மொரேல் ஹசார்ட். ஒன்று நேர்மை இல்லாதது, இன்னொன்று அசட்டை. இப்படிச் சொன்னால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காகிதக் கட்டில் இரண்டு சொல்லுக்கும் இங்கிலீஷில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்பதால் மாதக் கணக்கில் குழம்புகிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஆள் இல்லாத வீட்டில் யாரோ புகுந்து உடைத்துவிட்டுப் போனால் இழப்பீடு உண்டா? இன்சூரன்ஸில் இதற்கு இரண்டு சொல் உண்டு. ஆளும் இல்லை, சாமானும் இல்லை என்றால் ஒரு சொல். சாமான் இருக்கிறது, ஆள்தான் இல்லை என்றால் இன்னொரு சொல். முதல் வகை வீடு 60 நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால், வேண்டுமென்றே செய்த நாச வேலைக்கு எச்.ஓ.-3 பணம் தராது. இங்கிலீஷில் அந்த இரண்டு சொல்லையும் உருப்போட்டுத் தடுமாறுகிறவர்களிடம் நான் தமிழில் கேட்பேன்: காலி வீடா, பூட்டிய வீடா? அப்புறம் யாரும் தப்பு செய்வதில்லை. நம் மொழியில் அந்த வித்தியாசம் ஏற்கெனவே இருக்கிறது. டிசம்பரில் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம், இரண்டு மாதம் இருந்துவிட்டு வரும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் இது சொந்தக் கேள்வி. அவர்கள் வீடு பூட்டிய வீடு.

பூட்டிய வீடு என்றதும் இன்னொன்று. 2021 பிப்ரவரியில் குளிர் வந்து மின்சாரம் போய், டெக்சாஸ் முழுக்கக் குழாய்கள் உறைந்து வெடித்தது உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வாரம் எத்தனை பேர் எனக்குப் போன் செய்தார்கள்! எச்.ஓ.-3 அதற்குப் பணம் தரும். ஆனால் வீட்டில் சூடு குறையாமல் வைத்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடிக் குழாய்களை வடித்துவிட்டிருக்க வேண்டும், அதற்கு நியாயமான கவனம் எடுத்திருக்க வேண்டும் என்று படிவம் கேட்கிறது. ஊருக்குக் கிளம்பும் குடும்பத்திடம் ‘ஹீட்டரை அணைக்காமல் போங்க’ என்று ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வரியைப் படித்தவருக்குத்தான் அதைச் சொல்லத் தோன்றும்.

நகையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பல எச்.ஓ.-3 பாலிசிகளில் நகை திருட்டுப் போனால் அதிகபட்சம் 1,500 டாலர்தான். இன்றைய தங்க விலைக்கு ஒரு கல்யாண ஆரத்தில் நாலு கண்ணிகூட அதில் வராது. தனியாகப் பட்டியல் போட்டு, மதிப்பீடு வாங்கி, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். தேர்வில் இது ஒரே ஒரு மார்க். நம் வாடிக்கையாளர் வீட்டில் இது அம்மா போட்ட சங்கிலி, மாமியார் கொடுத்த வளையல்.

அந்தக் கணக்கு டீச்சர் தங்கைக்கு வருகிறேன். கோ-இன்ஷூரன்ஸ் கணக்கு ஒன்று கொடுத்தேன். நம்மவர் ஒருவர் சொந்தக் கட்டடத்தில் ஓட்டல் நடத்துகிறார். அந்தக் கட்டடத்தைத் திரும்பக் கட்ட 400,000 டாலர் ஆகும். பாலிசியில் 80 சதவீத கோ-இன்ஷூரன்ஸ் நிபந்தனை. அவர் பிரீமியத்தை மிச்சப்படுத்த 240,000 டாலருக்குத்தான் எடுத்திருக்கிறார். சமையலறையில் தீப்பிடித்து 100,000 டாலர் நஷ்டம். அவர் கையிலிருந்து போட வேண்டிய டிடக்டிபிள் 1,000. எவ்வளவு கிடைக்கும்?

தங்கை பேனாவை வைக்காமலே 79,000 என்று எழுதினார். எப்படி என்று கேட்டேன். ‘80 பர்சென்ட் அவங்க குடுப்பாங்க, 20 நாம குடுக்கணும், அப்புறம் ஆயிரத்தைக் கழிச்சேன்’ என்றார். ஹெல்த் இன்சூரன்ஸில் கோ-இன்ஷூரன்ஸ் என்றால் அதுதான். பிரசவத்துக்குப் பில் கட்டியபோது கற்றுக்கொண்டது. இங்கே சொல் அதேதான், பொருள் வேறு. கட்டடத்தின் மதிப்பில் 80 சதவீதத்துக்காவது இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது 320,000. அவர் எடுத்ததோ 240,000. எடுக்க வேண்டியதில் முக்கால் பங்கு. அதனால் நஷ்டத்திலும் முக்கால் பங்குதான்: 75,000. டிடக்டிபிள் போக 74,000.

தங்கை கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்: ‘அக்கா, அவர் 240,000க்கு எடுத்திருக்கார், நஷ்டம் ஒரு லட்சம்தான். மிச்சம் இருக்கேன்னுதானே அவர் நினைச்சிட்டிருப்பார்? அவர்கிட்ட இதை யாரும் சொல்லலையா?’ தேர்வுக்கு வேண்டியது 74,000 என்ற விடை. ஆனால் ஒரு ஏஜென்ட் பிறப்பது அவர் கேட்ட இந்தக் கேள்வியில். அவருடைய கட்டைப் புரட்டிப் பார்த்தோம். இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது. மூன்றாவது விடையின் மேல் மஞ்சள். ஏன் என்று ஒரு வரி இல்லை.

கார் இன்சூரன்ஸில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு சொல்லைப் பழக்கிவிட்டோம்: ‘ஃபுல் கவரேஜ்.’ எந்தப் படிவத்திலும் அப்படி ஒரு சொல் இல்லை. மோதலுக்கு ஒன்று, மோதல் அல்லாத சேதத்துக்கு ஒன்று, பிறருக்கு நாம் ஏற்படுத்தும் நஷ்டத்துக்கு ஒன்று, இன்சூரன்ஸ் இல்லாதவர் வந்து இடித்தால் ஒன்று என்று தனித்தனியாகத்தான் இருக்கிறது. டெக்சாஸ் கேட்கும் குறைந்தபட்சம் 30/60/25. ஒரு ஆளின் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தில் எல்லோருக்கும் சேர்த்து 60,000, பிறர் சொத்துக்கு 25,000. கேட்டி ஃப்ரீவேயில் இன்று நமக்கு முன்னால் போகும் வண்டிகளின் விலையை நினைத்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநரால் வரும் நஷ்டத்துக்கான பாதுகாப்பையும், தப்பு யார் மேல் இருந்தாலும் நம் மருத்துவச் செலவுக்குத் தரும் பி.ஐ.பி.யையும் வேண்டாம் என்றால் எழுத்தில் மறுக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். தேர்வில் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி. ஆனால் அந்தத் தாளை ‘இங்க ஒரு சைன் போடுங்க, பிரீமியம் குறையும்’ என்று நீட்டுகிற அலுவலகங்கள் நம் மத்தியில் இருக்கின்றன. எழுத்தில் மறுக்க வேண்டும் என்று சட்டம் ஏன் சொல்கிறது என்று புரியாமல் விடையை மட்டும் உருப்போட்டவர், அப்படித்தான் நீட்டுவார்.

உங்கள் தரப்பையும் நான் கேட்டிருக்கிறேன். ‘ஒரு மாசம் சம்பளம் குடுத்துப் படிக்க வைப்பேன், லைசென்ஸ் வந்ததும் பக்கத்து ஏஜென்சிக்குப் போயிடுவா’ என்றார் ஒரு அண்ணன். உண்மைதான், அப்படிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏன் போகிறார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் சொன்னது பணத்தை இல்லை. போனில் கேட்பதற்குப் பதில் தெரியவில்லை, கேட்டால் எரிந்து விழுகிறார்கள், பயமாக இருக்கிறது என்றார்கள். பயந்த ஆள் விற்கவும் மாட்டார், தங்கவும் மாட்டார். தப்பாகச் சொல்லிவிட்டால் தொழிலில் நேரும் தவறுகளுக்காக நீங்கள் வைத்திருக்கும் இ. அண்ட் ஓ. பாலிசியில்தான் வந்து விழும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

‘தேர்வுல பாஸாகணும்னா கேள்விதானே படிக்கணும்’ என்றார் ஒரு அக்கா. கேள்விகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்தான். நானும் கடைசி வாரம் முழுக்க அதைத்தான் செய்யச் சொல்வேன். நேரத்தைப் பழகிக்கொள்ளவும், ‘இவற்றில் எது இல்லை’, ‘எதைத் தவிர’ என்று திருப்பிக் கேட்பதைக் கவனிக்கவும் அது அவசியம். அவசரத்தில் அந்தச் சின்னச் சொல்லைத் தாண்டிப் போய் மார்க் விட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அது படித்ததைச் சோதித்துப் பார்க்கும் வேலை. சோதிக்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றி, வீட்டுக்குப் பதில் கடை என்று போட்டால், மஞ்சளை மட்டும் பார்த்துப் படித்தவர் அங்கேயே நின்றுவிடுகிறார். என்னிடம் இரண்டாவது, மூன்றாவது முறையாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். புத்திசாலிகள். தங்களுக்குப் படிப்பு வரவில்லை என்று கண் கலங்கி உட்காருகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு மனம் ஆறவில்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். புதிதாக ஒருவரைச் சேர்த்த அன்று அவர் கையில் மூன்று படிவங்களை முழுசாக அச்சடித்துக் கொடுங்கள்: எச்.ஓ.-3, தனிநபர் ஆட்டோ பாலிசி, வணிகப் பொறுப்புக்கான சி.ஜி.எல். தேர்வு, ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பு எழுதிய பொதுப் படிவத்தை வைத்துக் கேட்கும். டெக்சாஸில் பல கம்பெனிகள் சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன. எனவே நீங்கள் விற்கும் கம்பெனியின் படிவத்தையும் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகிறது என்று அவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தினமும் காலையில் இரண்டு மணி நேரம், போன் எடுக்காமல், நான்கு வாரம். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். பெண்கள் பலர் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு பதினொரு மணிக்குத்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

வாரத்துக்கு ஒரு நாள் நீங்களே அவருக்குப் போன் செய்யுங்கள், வாடிக்கையாளர் மாதிரி. தமிழிலேயே கேளுங்கள். ‘பாத்ரூம் குழாய் கசிஞ்சு ஆறு மாசமா சுவர் ஊறியிருக்கு, உண்டா?’ ‘கால்வெஸ்டன்ல வீடு வாங்கறேன், ஒரே பாலிசி போதுமா?’ என்று கேளுங்கள். மாதக் கணக்கில் கசிந்ததற்கும் திடீரென்று வெடித்ததற்கும் படிவம் வைத்திருக்கும் வித்தியாசத்தைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். கடற்கரையோரம் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டெக்சாஸ் விண்ட்ஸ்டார்ம் சங்கத்தின் பாலிசி, வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி, மீதிக்கு வீட்டுப் பாலிசி என்று மூன்று தேவைப்படலாம் என்று அவரே எடுத்துச் சொல்ல வேண்டும். தமிழில் தடுமாறாமல் விளக்கத் தெரிந்துவிட்டால், தேர்வின் இங்கிலீஷ் அவருக்குத் தடையாக இருக்காது.

லைசென்ஸ் வருவதற்கு முன் யாரையும் போனில் பாலிசியை விளக்க வைக்காதீர்கள். ‘சும்மா பிரீமியம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லச் சொன்னேன்’ என்பது பதில் ஆகாது. செயிண்ட் மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. மாட்டினால் விண்ணப்பத்தில் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பெண், நீங்கள் இல்லை.

முதல் தடவை தவறிவிட்டால் இரண்டாவது தேர்வுக் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள். எந்தப் பகுதியில் குறைந்தது என்று தேர்வு முடிவில் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். எல்லோர் முன்னாலும் ‘என்னாச்சு, பாஸா?’ என்று கேட்காதீர்கள். பாஸான பிறகு முதல் மாதம் அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து போனைக் கேட்கட்டும். எனக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால், அந்த ஐயா ஏரிக்கரையைப் பற்றிக் கேட்ட அன்று போனைக் கையால் மூடி என்னை நிறுத்தியிருப்பார்.

செலவாகும், தெரியும். நான்கு வாரச் சம்பளமும் இரண்டு தேர்வுக் கட்டணமும் சிறிய ஏஜென்சிக்குச் சுமைதான். ஒரு ஏஜென்சியால் முடியாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து ஒரு வகுப்பு நடத்துங்கள். வாடிக்கையாளருக்குப் போட்டி போடுவது வேறு, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு. இடம் இல்லையென்றால் எங்கள் வீட்டு மேசை இருக்கிறது, எட்டுப் பேர் உட்காரலாம்.

அந்த ஐயா போன வருடம் மறுபடியும் ஊரிலிருந்து வந்திருந்தார். மகன் இப்போது வேறு வீடு வாங்கியிருக்கிறார், கேட்டியிலேயே. அதற்கும் என்னைத்தான் ஏஜென்டாக வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் ஐயா ஒரு தாளோடு உட்கார்ந்து கேள்வி கேட்டார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெள்ளப் பாலிசி எண்ணைத் தனியாக ஒரு வரியில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். அந்த ஒன்றரை மணி நேரமும் அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் பக்கத்தைத் திருப்பி வரியைக் காட்ட முடிந்தது. உங்களிடம் வேலைக்குச் சேரும் பெண்களுக்கும் அது முடிய வேண்டும்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கணக்கு டீச்சரும் இன்னும் மூன்று பேரும் வருகிறார்கள். உங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர்களையும் அனுப்புங்கள். கட்டு வேண்டாம், அவரவர் வீட்டுப் பாலிசியை அச்சடித்து எடுத்து வரச் சொல்லுங்கள். முதல் பக்கம் டிக்ளரேஷன்ஸ், யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று சொல்லும் பக்கம்; அங்கிருந்து ஆரம்பிப்போம்.

அன்புடன்,
கேட்டியிலிருந்து உங்கள் தங்கை, ஒரு ஏஜென்ட்